தடைக்காலத்தில் எழுபது வளைவுகள்

காரைக்கால் மாவட்டத்தில் மலை கிடையாது. குன்றும் கிடையாது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு என்று ஊர்ப்பெயர்களில் மட்டும் உயரம் உண்டு. அங்கே போய் நின்றாலும் கடல் மட்டத்திலிருந்து சில அடிதான். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு முழுக்கக் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். சைக்கிளில் ஏறி மூச்சு வாங்க வேண்டும் என்றால் ஆற்றுப் பாலத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் முப்பது மிதியில் முடிந்துவிடும்.

இந்தத் தட்டையான ஊரில், அரசலாற்றுக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் கருக்களாச்சேரியில், ஒரு குடும்பத்துக்கு மலை சைக்கிள் பைத்தியம் பிடித்திருக்கிறது. வீட்டுத் தலைவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பெயரைப் போடக் கூடாது என்பது வீட்டம்மாவின் நிபந்தனை. “ஊர்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. ஏற்கெனவே பண்றாங்க.”

விசைப்படகுக்காரர் வீட்டு நாள்காட்டி மற்ற வீடுகளுடையதைப் போல இருக்காது. படகு கிளம்பினால் கரை திரும்ப நான்கைந்து நாள் ஆகும். விடியலுக்கு முன் துறைமுகத்தில் படகு அணைந்ததும் மீன் இறக்க வேண்டும், ஏலம் முடிய வேண்டும், டீசல், ஐஸ் கணக்கு போக மிச்சத்தைப் பங்கு பிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் சத்தம் தூக்கத்தில் கேட்கும். அவர்கள் திரும்பும்போது இவர் வலை பார்க்கப் போயிருப்பார். பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்து, ரேஷன், வங்கி, மகளிர் குழுத் தவணை எல்லாம் மனைவியின் பாடு. பையன் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் இவர் ஒரு நொடி யோசிப்பார். அன்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கிற நேரம்தான் குறைவு.

வீட்டுக்காரிக்கோ அவர் கடலில் இருக்கும் நாள்கள் வேறு மாதிரி. 2025 ஜனவரி 28 அதிகாலையில் நெடுந்தீவுப் பக்கம் காரைக்கால் படகு ஒன்றின் மீது இலங்கைக் கடற்படை சுட்டு, மீனவர்கள் காயப்பட்டார்கள். அந்த வாரம் முழுக்கக் கடற்கரைக் கிராமங்களில் எந்த வீட்டிலும் கைபேசியைத் தரையில் வைக்கவில்லை. அதற்கும் முன்னால், 2004 டிசம்பர் 26. அந்தக் கரையில் வளர்ந்த யாரும் அதைப் பற்றித் தாங்களாகப் பேச்செடுப்பதில்லை. சுனாமிக் குடியிருப்பு என்ற பெயர் மட்டும் முகவரிகளில் நிலைத்துவிட்டது.

இந்த நாள்காட்டியில் ஒரே ஒரு நீண்ட இடைவெளி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பது காரணம். முன்பு 45 நாளாக இருந்த தடை 2017-இல் 61 ஆனது. முதலாளிகளுக்கு இது படகைக் கரையேற்றிப் பலகை பார்த்து, எஞ்சின் பிரித்து, பெயின்ட் அடிக்கும் காலம். கூலிப் பங்குக்காரர்களுக்கு வருமானம் இல்லாத காலம். அரசு நிவாரணம் வரும், ஆனால் அது இரண்டு மாதத்துக்குக் காணாது. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் பலர் ஏப்ரலில் கேரளத்துக்கு ரயிலேறி அங்கே படகு பிடிப்பார்கள். இவரும் பல வருடம் அப்படித்தான் போனார். பையன் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபின் நிறுத்திக்கொண்டார். மே மாத விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றாக வருகின்றன. அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்தாற்போல் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் சில வாரங்கள் அவைதாம். அதைக் கொச்சிக்கும் முனம்பத்துக்கும் விற்றுவிட வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் நட்டம்தான்.

சைக்கிள் வந்த கதை சுருக்கமானது. பையனுக்கு வாங்கிய கியர் வண்டியின் கம்பியில் எம்டிபி என்று பெரிதாக ஒட்டியிருந்தது.

“எம்டிபின்னா என்னப்பா?”

“மலையில ஓட்டுற சைக்கிளுடா.”

“நம்ம ஊர்ல மலை எங்கப்பா இருக்கு?”

தமிழ்நாட்டில் பல லட்சம் வீடுகளில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி இது. 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் உட்பட இந்தியாவின் பெரிய தயாரிப்பாளர்கள் எல்லாரும் கொழுத்த டயரும் முன்பக்க ஸ்பிரிங்கும் வைத்த வண்டிகளை எம்டிபி என்று விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை டியூஷனுக்கும் மளிகைக் கடைக்கும் போய்வந்தே ஆயுளை முடிக்கின்றன. கருக்களாச்சேரிப் பையனின் வண்டியும் அப்படித்தான் முடிந்திருக்கும். ஆனால் அப்பாவுக்குத் தடைக்காலம், கையில் கைபேசி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை.

தேடிப் பார்த்ததில் அவருக்குக் கிடைத்தது கலிபோர்னியா. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டி என்று ஒரு மலைப்பகுதி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள், 1930-களிலும் நாற்பதுகளிலும் செய்யப்பட்டு, பழைய இரும்புக் கடையில் கிடந்த ஷ்வின் வண்டிகளைத் தேடி எடுத்தார்கள். பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய, கொழுத்த டயர் வைத்த, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் வண்டிகள். நம் ஊரில் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் கட்டிய பழைய கேரியர் சைக்கிள்களின் அமெரிக்கப் பங்காளிகள். அவற்றைத் தள்ளிக்கொண்டு மலை உச்சிக்குப் போய், மண் பாதையில் உருண்டு இறங்குவது அவர்கள் விளையாட்டு. 1976 அக்டோபர் 21-இல் சார்லி கெல்லி என்பவர் அதையே நேரம் குறித்துப் போட்டியாக நடத்தினார். சுமார் மூன்று கிலோமீட்டரில் நானூறு மீட்டர் இறக்கம். வண்டிகளுக்கு இருந்தது பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பிடிக்கும் பிரேக். அடிவாரம் வருவதற்குள் சக்கரக் குடத்தில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர் நிலைத்தது. முதல் போட்டியில் ஆலன் பாண்ட்ஸ் என்பவர் ஜெயித்தார். மற்றவர்கள் எல்லாரும் விழுந்துவிட்டார்கள், விழாதவர் அவர் ஒருவர்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே புதிதாக ஒரு சட்டம் பற்றவைத்து வண்டி செய்தார். அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரீஸின் அப்பா பந்தயக் கார்கள் செய்தவர், ஆனாலும் வேலைக்குச் சைக்கிளில் போனவர். பிள்ளைக்குப் பட்டறையும் சைக்கிளும் ஒரே இடத்திலிருந்து கிடைத்திருக்கின்றன. கருக்களாச்சேரிக்காரருக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த ஆள் ஜோ பிரீஸ் இல்லை, அவருடைய அப்பாதான். இருபது வருடத்துக்குள், 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில், இந்த விளையாட்டு பதக்கப் போட்டியாகிவிட்டது. 2023 அக்டோபரில் திருவனந்தபுரத்துக்கு மேலே பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்தது. தேயிலைக்கு நடுவே மழைச் சேற்றில் வண்டிகள் பாயும் காட்சிகளை அப்பாவும் பிள்ளைகளும் ஒரு கைபேசியில் தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பொன்முடி கேரளம்தான், பொடிநடை தூரம் இல்லை. ஆனால் கலிபோர்னியா, அட்லான்டா மாதிரி எட்டாத ஊரும் இல்லை.

அவர் தனக்கும் ஒரு வண்டி வாங்கினார். இரண்டாம் கை. பின் கியர் அடிக்கடி நழுவும்.

மலை இல்லாத ஊரில் மலைக்குத் தயாராவது எப்படி? அதற்கு விடை கடற்கரைக்காரனுக்குத் தெரியும்: காற்று. மே மாதத்தில் காலையில் தரையிலிருந்து மேல்காற்று அடிக்கும், வெயில் ஏறியபின் கடல் பக்கமிருந்து கொண்டல் திரும்பும். அந்த நேரம் பார்த்துக் கடலை நோக்கி மிதித்தால் ஏற்றத்தில் போவது போலவே இருக்கும். காற்றுத் தடையின் கணக்கு கொடுமையானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால், காற்றைப் பிளக்க மட்டுமே எட்டு மடங்கு சக்தி தேவைப்படும். பையன் இதை இயற்பியல் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தொடையில் படித்துவிட்டான். மகள் கெட்டிக்காரி, அப்பாவின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டிக் காற்றை அவர் தலையில் கட்டினாள். கருவேலங்காட்டு ஓரத்து மணல் தடம், உப்பங்கழி ஓரத்து வரப்பு, அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயல் இவையெல்லாம் அவர்களுடைய பயிற்சிக் களம். மணலில் டயர் புதைந்தால் காற்றை இறக்க வேண்டும் என்பது அங்கேதான் தெரிந்தது. சைக்கிள் கடைக்காரரை இதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் பெரும்பாடு. “கல்லு மாதிரி இருந்தாத்தாண்ணே டயரு” என்பது அவருடைய கொள்கை. கொழுத்த டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் அது தரையைக் கவ்வும், கல்லில் துள்ளாது.

உப்புக்காற்று இன்னொரு எதிரி. கடலோரத்தில் ஒரு வாரம் துடைக்காமல் விட்ட செயின் செம்பழுப்பாகிவிடும், பிரேக் கம்பி உறைக்குள் ஒட்டிக்கொள்ளும். இந்த விஷயத்தில் மட்டும் மீனவர் வீட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடல் தண்ணீர் பட்ட இரும்பை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, எண்ணெய் போடுவது அவர்கள் கைப்பழக்கம்.

எந்த மலை என்பதில் வீட்டில் சண்டை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. பையனுக்கு எண்ணிக்கைதான் முக்கியம். அம்மாவுக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பார்க்க வேண்டும். தீர்ப்பு கொல்லிமலை என்று ஆனது.

பயணம் இரண்டாகப் பிரிந்தது. சைக்கிள்கள் குட்டி யானையில். அதன் முன்னறையில் ஓட்டுநர் தவிர ஒருவர்தான் உட்கார முடியும், அது அப்பா. பின்னால் ஏறி வருகிறோம் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் திருச்சி வரைக்கும் கூடப் போக முடியாது என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். அம்மாவும் பிள்ளைகளும் காரைக்காலிலிருந்து ரயில். நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று அது டெல்டாவைச் சுற்றிக் காட்டிக்கொண்டே போகும். நாகூர் - காரைக்கால் பாதை 2011-இல்தான் திறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1898-இல், பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர் கேஜ் போட்டிருந்தார்கள். அது 1980-களில் நின்றுபோனது. இடைப்பட்ட ஒரு தலைமுறை ரயில் இல்லாமலேயே வளர்ந்தது. அந்தத் தலைமுறைதான் இந்த அப்பா.

குட்டி யானையில் சைக்கிள் கட்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நைலான் கயிற்றில் அவர் போட்ட முடிச்சுகள் திருச்சி தாண்டி, நாமக்கல் தாண்டி ஒரு இம்மி தளரவில்லை. வழியில் டீக்கடையில் லாரி கிளீனர் ஒருவர் வந்து முடிச்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எந்த ஊர்ண்ணே?” என்றாராம். பிஒய் 02 என்ற எண் பலகையைப் பார்த்ததும் அடுத்த கேள்வி பாட்டில் பற்றியது. காரைக்கால் வண்டி வெளியூரில் நின்றால் கேட்கப்படும் கேள்விகள் இரண்டே இரண்டு: ஒன்று சரக்கு, இன்னொன்று சனீஸ்வரன். சைக்கிள் பற்றி யாரும் கேட்கவில்லை.

நாமக்கல்லில் எல்லாரும் சேர்ந்து, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அடிவாரம் அதுதான். அங்கே நிமிர்ந்து பார்த்ததும் பையனின் பேச்சு நின்றுவிட்டது. படத்தில் பார்த்த மலை வேறு, முகத்துக்கு எதிரே எழுந்து நிற்கிற மலை வேறு. சமவெளியில் பிறந்தவர்களுக்கு வழி என்பது எப்போதும் முன்னால் இருப்பது. அங்கே அது தலைக்கு மேலே இருந்தது.

அம்மாவும் மகளும் மூட்டை முடிச்சோடு பஸ்ஸில் ஏறினார்கள். அப்பாவும் மகனும் வெயில் ஏறும் முன் மிதிக்கத் தொடங்கினார்கள்.

சோளக்காடு வரை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். 65 கிலோ ஆளும் 15 கிலோ வண்டியும் அவ்வளவு உயரம் போக எவ்வளவு சக்தி வேண்டும் என்பது எளிய கணக்கு. உடம்பு தின்பதில் கால் பங்குதான் மிதியாக மாறும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 750 கலோரி, அதாவது பதினைந்து இட்லி. இருவரும் சாப்பிட்டிருந்தது அதில் பாதிகூட இல்லை. முதல் வளைவுகளில் பையன் முன்னால் பறந்தான். எண் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனான். இருபதைத் தாண்டியதும் சத்தம் குறைந்தது. முப்பதுகளில் வண்டியை விட்டிறங்கித் தள்ளினான். மலை ஏற்றத்தின் முதல் விதி, தாங்க முடியும் என்று தோன்றுவதைவிட ஒரு கியர் லேசாகப் போவது. அதை யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அப்பாவின் வண்டியில் நழுவும் கியர் அவரை ஆரம்பத்திலிருந்தே மெதுவாகத்தான் விட்டது, அதனால் அவர் தப்பித்தார்.

கடலில் நிலைமை வேறு. அங்கே இந்தப் பையனுக்கு எதுவும் தெரியாது, அப்பாவுக்கு எல்லாம் தெரியும். எந்தத் திசைக் காற்றுக்கு எங்கே மீன் நிற்கும், அலையின் நிறம் மாறினால் அடியில் என்ன இருக்கிறது, ஜிபிஎஸ் காட்டுவதற்கு முன்பே எல்லை எவ்வளவு பக்கத்தில் என்பது வரை. அந்த அறிவைப் பையனுக்குக் கொடுக்க அவர் விரும்பவும் இல்லை. படகுக்கு வராதே, படி என்பதுதான் அந்தக் கரையில் இன்றைய அப்பாக்கள் பலரும் சொல்வது. அதன் பின்விளைவு ஒன்று உண்டு. பிள்ளை அப்பாவின் தொழிலைப் பார்க்காமலே வளர்கிறான். ஒரு ஆள் எப்படித் தடுமாறுகிறார், எப்படிப் பயப்படுகிறார், எப்படிச் சமாளிக்கிறார் என்பது தெரிய வேண்டும் என்றால் ஒன்றாக ஏதாவது செய்திருக்க வேண்டும். கொல்லிமலையில் இருவருமே கத்துக்குட்டிகள். நாற்பதுக்கு மேற்பட்ட ஏதோ ஒரு வளைவில் இருவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றபோது, அப்பா மகனிடம், “இறங்குறப்ப எப்படிடா பிரேக்கு புடிக்கணும்?” என்று கேட்டார். மகன் கைபேசியில் பார்த்ததைச் சொல்லிக்கொடுத்தான். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மேலே ஏற ஏற வெக்கை குறைந்தது. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி இறங்குவது எல்லா மலைக்கும் பொது. மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களும் பலாவும் தொடங்கின. சோளக்காட்டுச் சந்தையில், பஸ்ஸில் வந்த அம்மாவும் மகளும் ஏற்கெனவே அன்னாசி தின்று முடித்திருந்தார்கள்.

கொல்லிமலையின் மேல்பகுதி ஊசி முனை அல்ல, மடிப்பு மடிப்பான மேட்டு நிலம். வல்வில் ஓரி ஆண்ட நாடு என்று சங்கப் பாடல்கள் சொல்லும், செம்மேட்டில் அவனுக்குச் சிலையும் ஆடி மாதத்தில் அரசு விழாவும் உண்டு. இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். தமிழ் பேசுகிறவர்கள், கேரளத்தோடு தொடர்பு இல்லை. ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகுதான் இங்கே பயிர். கீழே சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்து அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பாற்றும் வேலை செய்துவருகிறது. குடும்பம் தங்கிய வீட்டில் முதல் ராத்திரி சாமைச்சோறு. அம்மா மூட்டையிலிருந்து நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வீட்டுக்காரப் பாட்டி மோந்து பார்த்து, “இது சந்தையில வர்றதைவிட நல்லாருக்கே!” என்றார். புறப்படும் நாளில் அதற்குப் பதிலாக ஒரு பலாப்பழமும் ஒரு படி மிளகும் ஏறின. பலாப்பழத்தைக் குட்டி யானையில் கட்டுவதற்கும் அதே முடிச்சுதான்.

உண்மையான மலை சைக்கிள் தார்ச்சாலையில் கிடையாது. செம்மேட்டிலிருந்து வாசலூர்ப்பட்டிப் பக்கமும், சிற்றூர்களை இணைக்கும் மண் தடங்களிலும்தான் அது தொடங்கியது. செம்மண், மரவள்ளிக் கொல்லை ஓரத்து ஒற்றையடி, வேர்கள் படிக்கட்டாக நீட்டிக்கொண்டிருக்கும் சரிவு. இங்கே ஒரு எல்லை இருக்கிறது, அதைப் பல சைக்கிள்காரர்கள் மதிப்பதில்லை. ஊர் மக்கள் நடக்கும் பாதை வேறு, காப்புக்காடு வேறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின், தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடக்கவே தனி விதிகள் வந்துவிட்டன. 2024-இல் வனத்துறை 40 நடைபாதைகளைக் கட்டணத்தோடு திறந்தது. சைக்கிளுக்கு என்று அப்படி ஒன்றும் இல்லை. அமெரிக்காவிலும் இந்தச் சண்டை பழையது, மரின் கவுன்டியிலேயே நடப்பவர்களுக்கும் மிதிப்பவர்களுக்கும் ஐம்பது வருடமாக ஒத்துப்போகவில்லை. குடும்பம் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஒரு எளிய முறை வைத்திருந்தார். தன் பேரனைக் கூட அனுப்பினார். பேரன் எங்கே நிற்கிறானோ அதற்கு மேல் வண்டி போகக் கூடாது. பேரனிடம் ஒரு பழைய கேரியர் வண்டிதான் இருந்தது, கியர் கிடையாது, பின் பிரேக் கட்டை பாதி தேய்ந்தது. அதில் அவன் போன வேகத்தைப் பார்த்து எம்டிபிக்காரர்கள் இருவரும் வெட்கப்பட்டார்கள். 1976-இல் ரீபேக்கில் இறங்கியதும் அந்த மாதிரி வண்டிகள்தானே.

சிறுமி இரண்டு தடவை விழுந்தாள். முழங்கைச் சிராய்ப்பு. அழவில்லை, ஆனால் அம்மா பார்க்கிறார் என்று தெரிந்ததும் அழுதாள். அம்மா மஞ்சள் வைக்கப் போனவர், அந்த வண்டியைத் தானே எடுத்து மண் தடத்தில் ஒரு சுற்று வந்தார். சேலையைச் செருகிக்கொண்டு, சின்ன வண்டியில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க, முகத்தில் ஒரு கோபத்தோடு. பிள்ளைகள் அம்மாவுக்குச் சைக்கிள் தெரியும் என்பதையே அன்றுதான் பார்த்தார்கள். பள்ளிக்கூட நாளில் தன் அப்பாவின் கேரியர் வண்டியில் குரங்குப்பெடல் போட்டுக் கற்றவர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்து ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்த காலம் அது. காரைக்கால் கரையில் இயக்கம் எதுவும் வரவில்லை, ஒரு சின்னப்பெண் யாரும் பார்க்காத மதியத்தில் தானாகக் கற்றுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு ஓட்டவில்லை. ஏன் என்று மகள் கேட்டாள். “எங்க போறதுக்கு?” என்று திருப்பிக் கேட்டார் அம்மா.

இறக்கம்தான் பயம். ஏறும்போது சேர்த்த ஆயிரம் மீட்டர் சக்தி முழுக்க எங்காவது போயாக வேண்டும், அது பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் போகிறது. பதினைந்து இட்லியின் கால் பங்கு சூடாக மாறி நான்கு ரப்பர் துண்டுகளில் இறங்குகிறது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும், உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். மகன் சொல்லிக்கொடுத்த பாடம். பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, ரிம்மில் விரல் வைத்துப் பார்த்து, ஆறியபின் கிளம்பினார்கள். மேலேயிருந்து கீழே வந்த சுற்றுலா வேன் ஒன்றில் பாதிப் பேர் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் இருபது வருடம் ஆடியவருக்கு வளைவு ஒன்றும் செய்யவில்லை. கை மட்டும் மரத்துப்போனது. காரவள்ளியில் இறங்கியதும் அப்பாவால் விரலை விரிக்க முடியவில்லை, டீ கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக் குடித்தார்.

ஊர் திரும்பியதும் வழக்கமான வேலைகள். படகுக்குப் பெயின்ட் பாக்கி, வலைக்கு ஈயம் கோக்க வேண்டும், வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஜூன் 14 நள்ளிரவில் தடை முடியும். துறைமுகத்தில் அன்று ஐஸ் லாரிகள் வரிசை கட்டும், சாமி கும்பிட்டுக் கற்பூரம் ஏற்றிப் படகுகள் கிளம்பும். அதற்கு முந்தைய வாரம் வண்டிகளைக் கடைக்கு எடுத்துப் போனார்கள். பையனின் பின்சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டும், நான்கு பிரேக் கட்டையும் மாற்ற வேண்டும். பழைய கட்டைகளைக் கழற்றிப் பார்த்த கடைக்காரர், “எங்கண்ணே ஓட்டுனீங்க இத?” என்றார். சொன்னதும் நம்பவில்லை, பையன் படம் காட்டினான்.

கூட வந்திருந்த அம்மா அதுவரை பேசாமல் நின்றவர், பெண்களுக்கு ஏற்ற கியர் வண்டி என்ன விலை என்று கேட்டார். கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் அப்பா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு கணவரின் இரண்டாம் கை வண்டியைக் காட்டி, “அப்ப இதுல சீட்டை ரெண்டு இஞ்ச் இறக்குங்க. அந்தக் கியரு நழுவுறதையும் பாத்துருங்க” என்றார்.

“அண்ணன் ஓட்டுறதுக்கு?”

“அவருக்கு என்ன, பதினாலாம் தேதி படகு இருக்கு.”